சீரகம் 'குமின' அல்ல: மசாலாப் பெயர்களை ஃபின்னிஷுக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீரகத்துக்கு ஃபின்னிஷில் என்ன சொல்? அகராதியே வேண்டாம் என்று தோன்றும். ஆங்கிலத்தில் கியூமின், ஃபின்னிஷில் 'குமின' என்று ஒரு சொல் இருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, வேலை முடிந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். ஹெல்சின்கியில் இருக்கும் தோழி ஒருத்தி பருப்பு சூப் செய்முறை கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபின்னிஷில் எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: "சூப் நன்றாக இருந்தது, ஆனால் ஏன் கம்பு ரொட்டி மாதிரி மணக்கிறது?"

அவள் சொன்னது ரை என்கிற குளிர்நாட்டுத் தானியத்தில் செய்யும் ரொட்டியை. அவள் பதிலைத் தமிழாக்கும்போது அதைக் 'கம்பு' என்று நான் எழுதியதே தவறு. சரி, அது வேறு கதை. ஆனால் ரொட்டி வாசனை வந்ததற்குக் காரணம் இருந்தது. ஃபின்னிஷில் 'குமின' என்றால் சீரகம் இல்லை, கேரவே விதை. ரை ரொட்டியிலும் புளிக்கவைத்த முட்டைக்கோஸிலும் போடுவது அதைத்தான். நம் சீரகத்துக்கு அங்கே பெயர் 'யூஸ்தொகுமின'.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் குழப்பத்துக்குக் காரணம் புரியும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டும் ஒல்லியாக, வரிவரியாக இருக்கும். ஆனால் சீரகம் ஏறக்குறைய நேராக, வெளிறிய பழுப்பில் இருக்கும். கேரவே கொஞ்சம் கருத்து, பிறை போல வளைந்திருக்கும். கடித்தால் சந்தேகமே வராது. கேரவேயின் வாசனைக்குக் காரணமான கார்வோன்தான் சதகுப்பை விதையிலும் இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம்தான் மணக்கும். சீரகத்தின் கனமான, மண் கலந்த வாசனைக்குக் காரணம் வேறு பொருள், கியூமினால்டிஹைடு. சமையலில் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது.

பெயர் எப்படி இடம் மாறியது? மேற்கு ஆசியாவின் செமித்திய மொழிகளிலிருந்து கிரேக்கம், லத்தீன் வழியாக அந்தச் சொல் வடக்கே போயிற்று. சொல் போன இடத்தில் செடி வளரவில்லை. குளிர் நாட்டில் சீரகச் செடி வராது, ஆனால் அதே சாயலில் கேரவே தானாகவே முளைத்துக் கிடந்தது. கிடைத்த செடிக்குக் கேட்ட பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஸ்வீடிஷில் 'கும்மின்', ஜெர்மனில் 'கியூம்மெல்', ஃபின்னிஷில் 'குமின', மூன்றும் கேரவேதான். உண்மையான சீரகம் வணிகத்தில் பின்னால் வந்து சேர்ந்தபோது அதற்குத்தான் அடைமொழி தேவைப்பட்டது. இன்று ஃபின்லாந்து கேரவே ஏற்றுமதியில் உலகின் முக்கிய நாடுகளில் ஒன்று. அந்த ஊரில் 'குமின' என்று வெறுமனே சொன்னால் யாருக்கும் சீரகம் நினைவுக்கு வராது.

நான் சொல்ல வந்ததும் இதைத்தான். ஒவ்வொரு மொழியும் அடைமொழி இல்லாத மொட்டைப் பெயரைத் தனக்கு மிகப் பழகிய பொருளுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அடைமொழி சேர்த்து அழைக்கிறது. தமிழில் மொட்டையாகச் சீரகம். அதற்கு அப்புறம் பெருஞ்சீரகம், கருஞ்சீரகம். ஃபின்னிஷிலும் அதே போல ஒரு 'குமின' குடும்பம் உண்டு, ஆனால் மொட்டைப் பெயர் போய் உட்கார்ந்திருப்பது வேறு செடியின் மேல். மொட்டைப் பெயருக்கு மொட்டைப் பெயர் என்று மாற்றினால் பெரும்பாலும் இப்படித்தான் வழுக்கும்.

பெயருக்குள் இருக்கும் சீஸ்

'யூஸ்தொ' என்றால் சீஸ். எனவே யூஸ்தொகுமின என்பது சொல்லுக்குச் சொல் 'சீஸ் கேரவே'. இதில் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. ஃபின்னிஷிலிருந்து தமிழுக்கு வருபவர்கள் சீஸையும் சேர்த்து மொழிபெயர்த்துவிடுகிறார்கள். பால் பொருள் சாப்பிடாதவர்களோ பொட்டலத்தில் இந்தப் பெயரைப் பார்த்ததும் கீழே வைத்துவிடுகிறார்கள். உள்ளே சீஸ் ஒரு துளியும் கிடையாது. சீஸில் போடும் சீரகம் என்றுதான் அந்தப் பெயரைப் புரிந்துகொள்ள வேண்டும். நெதர்லாந்தின் லைடன் சீஸில் இன்றும் சீரகம் சேர்க்கிறார்கள்.

ஜாதிக்காயும் இப்படித்தான். ஃபின்னிஷில் அது 'முஸ்கொத்திபெஹ்கினெ', பின்பாதிக்குப் பொருள் கொட்டைப்பருப்பு. ஆனால் முந்திரி, பாதாம் போன்ற ஒவ்வாமைப் பட்டியலில் ஜாதிக்காய் வராது. ஜாதிபத்திரிக்கு 'முஸ்கொத்திகுக்க', அதாவது ஜாதிப்பூ. தமிழ் அதை இலை என்கிறது, ஃபின்னிஷ் பூ என்கிறது. உண்மையில் அது இரண்டும் இல்லை, விதையைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் சிவப்பு உறை. பெயருக்குள் எட்டிப் பார்த்துப் பொருளை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பொட்டலத்தில் அச்சாகும் சேர்மானப் பட்டியலை மொழிபெயர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது சட்டம். பால் அதில் இருக்கிறது, கடுகும் இருக்கிறது. யூஸ்தொகுமினவில் உள்ள 'யூஸ்தொ'வைத் தடித்த எழுத்தாக்கிவிட்டுக் கடுகைச் சும்மா விட்டால் இரண்டு பக்கமும் தவறு.

ஆங்கிலம் என்ற பாலம்

தமிழிலிருந்து நேரே ஃபின்னிஷுக்குப் போக நல்ல அகராதி கிடைப்பது அரிது. ஆகவே எல்லோரும் ஆங்கிலத்தில் இறங்கி ஏறுகிறோம். மொழிபெயர்ப்புச் செயலிகளும் பல நேரம் அதே பாதையில்தான் போகின்றன. தமிழில் துல்லியமாக இருந்த சொல், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பொருள் உள்ள சொல்லாக மாறுகிறது. அந்தப் பக்கம் ஏறும்போது தவறான படியில் கால் வைக்கிறோம்.

கிராம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'க்ளோவ்'. அதே சொல் பூண்டுப் பல்லுக்கும் உண்டு. ஃபின்னிஷில் பூண்டுப் பல் 'க்யுன்ஸி', அதன் நேர்ப்பொருள் நகம். ஆகவே 'மூன்று கிராம்பு' என்று தமிழில் எழுதியது, ஃபின்னிஷில் போய் இறங்கும்போது மூன்று நகமாகிவிட வாய்ப்பு உண்டு. படிப்பவர் நல்ல மனசுக்காரராக இருந்தால் பூண்டு என்று எண்ணிக்கொள்வார். கிராம்புக்குச் சரியான சொல் 'நெய்லிக்க'. அதன் வேர் 'சின்ன ஆணி' என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானியச் சொல். ஆங்கிலப் பெயரின் வேரும் பிரெஞ்சில் ஆணிதான். ஆணிக்குப் பதில் நகம் வந்துவிடுவது இப்படித்தான். அதோடு, 'நெய்லிக்க' என்றாலே கார்னேஷன் பூ என்றும் பொருள் உண்டு. செய்முறைக்குள் இருந்தால் குழப்பம் வராது. தனியாக ஒரு பட்டியலில் வந்தால் 'மௌஸ்தெநெய்லிக்க' என்று எழுதிவிடுங்கள். 'மௌஸ்தெ' என்றால் மசாலாப் பொருள்.

மிளகுக்கு ஆங்கிலத்தில் 'பெப்பர்'. அந்த ஒரே சொல் மிளகையும் குடைமிளகாயையும் மிளகாயையும் குறிக்கும். ஃபின்னிஷில் குடைமிளகாய் 'பப்ரிக', அதைக் காயவைத்து அரைத்த சிவப்புத் தூளுக்கும் அதே பெயர். மிளகாய் 'சில்லி'. நமக்கு வேண்டிய மிளகு 'முஸ்தபிப்புரி', வெள்ளை மிளகு 'வல்கொபிப்புரி'. இங்கே 'மௌஸ்தெபிப்புரி' என்று ஒன்று குறுக்கே வரும். சொல்லுக்குச் சொல் 'மசாலா மிளகு'. பார்த்தால் மிளகின் பொதுப்பெயர் போல இருக்கிறது, ஆனால் அது ஆல்ஸ்பைஸ், அமெரிக்கக் கண்டத்தின் வேறொரு மரத்துக் காய். ஃபின்லாந்து சமையலில் அடிக்கடி வருவதால் கடை அலமாரியிலும் முன்வரிசையில் நிற்கும்.

இதில் சிரிக்க எதுவும் இல்லை, 'பிப்புரி' என்ற சொல்லே ஒரு பழைய தவறின் மிச்சம்தான். சமஸ்கிருதத்தில் 'பிப்பலி' என்றால் திப்பிலி. அந்தச் சொல் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய், அங்கே மிளகின் மேல் ஒட்டிக்கொண்டு, ஸ்வீடிஷ் வழியாக 'பிப்புரி' ஆனது. நம் பக்கம் மட்டும் என்ன, மிளகாய் வந்து இறங்கியபோது மிளகின் பெயரோடு காயைச் சேர்த்துச் சமாளித்தவர்கள்தானே நாம்.

கடுகுக்கு 'சினப்பி' என்று எழுதினால் தட்டில் தொட்டுக்கொள்ளும் மஞ்சள் கடுகுச் சாந்தைத்தான் எடுப்பார்கள். தாளிக்கும் கடுகு வேண்டுமென்றால் 'சினபின்சியெமென்', கடுகு விதை, என்று எழுத வேண்டும். சோம்பும் அதே கதை. 'ஃபென்கொலி' என்றால் காய்கறியாகச் சமைக்கும் கிழங்கு போன்ற தண்டு முதலில் நினைவுக்கு வரும், விதைக்கு 'ஃபென்கொலின்சியெமென்'. தமிழ்–ஆங்கில அகராதிகள் சிலவற்றில் சோம்புக்கு 'அனீஸ்' என்றும் போட்டிருக்கும். அதை நம்பி ஃபின்னிஷில் 'அனிஸ்' என்று எழுதினால் செடியே மாறிவிடும். கொத்தமல்லிக்கு 'கொரியந்தெரி'. இலையா, விதையா என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் படிப்பவர் தன் வசதிக்கு எடுத்துக்கொள்வார்.

மஞ்சளில் பெரிய சிக்கல் இல்லை, 'குர்கும'. அவசரத்தில் ஓர் எழுத்தை விழுங்கி 'குர்க்கு' ஆக்கிவிடாதீர்கள், அது வெள்ளரிக்காய். தொண்டைக்கும் அதே சொல்தான்.

இஞ்சியில் தமிழருக்குத் தவறே வராது. 'இங்கிவேரி'. ஐரோப்பிய மொழிகளில் இஞ்சிக்குள்ள பெயர்களின் ஆதியைத் தேடிப் போன மொழியியலாளர்கள் இஞ்சிவேர் என்ற திராவிடச் சொல்லில் வந்து நிற்கிறார்கள். எத்தனையோ மொழிகள் கடந்து கடைசியில் ஸ்வீடிஷ் வழியாக ஃபின்னிஷுக்குப் போனது, அங்கே போய் மறுபடி நம் வாய்க்குப் பழகிய ஓசைக்கே திரும்பியிருக்கிறது. இப்படி ஓசை ஒத்துப்போய்ப் பொருளும் ஒத்துப்போவது அபூர்வம். இதைப் பார்த்த தைரியத்தில்தான் நான் 'குமின'வில் விழுந்தேன்.

கடைசி எழுத்து குறிலா, நெடிலா?

இதுவரை ஃபின்னிஷ் சொற்களைத் தமிழில் எழுதும்போது கடைசி உயிரைக் குறிலாகவே வைத்து வந்திருக்கிறேன். 'குமின', 'குமினா' அல்ல. காரணம், ஃபின்னிஷில் அந்த ஒரு மாத்திரைக்குள் இலக்கணம் இருக்கிறது. 'குமின' என்பது எழுவாய் வடிவம். அதையே 'குமினா' என்று நீட்டினால் 'கொஞ்சம் கேரவே', அதாவது மொத்தத்தில் ஒரு பங்கு என்று பொருள் தரும் வேற்றுமை. ஃபின்னிஷில் 15 வேற்றுமைகள், அவற்றில் சமையல் செய்முறைக்கு உயிர்நாடி இந்தப் பகுதி வேற்றுமை.

அளவு சொன்னால் பொருள் இந்த வடிவத்தில்தான் வர வேண்டும். ஒரு தேக்கரண்டி சீரகம் என்பதற்கு அகராதியில் இருந்த சொல்லை அப்படியே ஒட்டினால் ஃபின்லாந்துக்காரர் புரிந்துகொள்வார், ஆனால் முதல் வரியிலேயே இது வெளியாள் எழுதியது என்று தெரிந்துவிடும். 'யூஸ்தொகுமினா' என்று நீட்ட வேண்டும். கிராம்பு 'நெய்லிக்கா', ஏலக்காய் 'கர்தெமும்மா'. இகரத்தில் முடிந்தால் ஓர் அகரம் கூடும்: பட்டை 'கனெலி', ஒரு தேக்கரண்டிப் பட்டைத்தூள் என்னும்போது 'கனெலிஅ'. மறுபக்கம், பொட்டலத்தின் மேல் பெயராக அச்சிடும்போது எழுவாய் வடிவம்தான். செய்முறையிலிருந்து நீட்டிய வடிவத்தை வெட்டிக்கொண்டு வந்து லேபிளில் ஒட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பெயரடையும் கூடவே மாறும் என்பது நமக்குப் பழக்கமில்லாத விஷயம். தமிழில் 'பொடித்த' என்பது எந்த வேற்றுமையிலும் பொடித்ததுதான். ஃபின்னிஷில் 'யௌஹெத்து' என்றால் பொடித்தது. பின்னால் வரும் சீரகம் நீண்டால் அதுவும் 'யௌஹெத்துஅ' ஆக வேண்டும்.

இன்னொன்று, ஒற்று. சினப்பி என்ற கடுகு, விதையோடு சேரும்போது சினபின் ஆகிறது, இரண்டு 'ப்' ஒன்றாகிவிட்டது. நெய்லிக்கவின் ஆறாம் வேற்றுமை நெய்லிகன். தமிழில் இது தலைகீழ்: காடு காட்டு ஆகும், ஆறு ஆற்று ஆகும், நாம் இரட்டிப்போம், அவர்கள் குறைப்பார்கள். உருபுகளை வாலில் ஒட்டிக்கொண்டே போகும் இந்தப் பழக்கத்தையெல்லாம் பார்த்துத்தான் கால்டுவெல் 19-ம் நூற்றாண்டில் திராவிட மொழிகளுக்கு ஃபின்னிஷ் பக்கம் உறவு தேடினார். மொழியியல் அதைப் பின்னாளில் ஏற்கவில்லை. ஆனால் ஃபின்னிஷ் படிக்கும் தமிழருக்குக் குறில்–நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் யாரும் விளக்கத் தேவையில்லாத சங்கதி. உச்சரிக்கும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். நடுவில் வரும் ககரத்தை நம் வழக்கப்படி மெலிவாகச் சொல்லக் கூடாது. 'பப்ரிக'வின் கடைசி எழுத்தும் 'கல்' என்பதில் வருவது போல அழுத்தமானது.

சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

சேர்த்துத்தான். ஃபின்னிஷில் 'முஸ்தபிப்புரி' என்று ஒரே சொல்லாக எழுதினால் மிளகு. 'முஸ்த பிப்புரி' என்று இடைவெளி விட்டால் கறுப்பு நிறத்தில் இருக்கும் ஏதோ ஒரு மிளகு. செங்கல்லுக்கும் சிவந்த கல்லுக்கும் உள்ள வித்தியாசம்தான். சேர்த்து எழுதியதில் வால் மட்டுமே மாறும், முதல் பாதி அசையாது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக இருக்கிறதே என்று பார்த்து இடைவெளி விடுவது ஆங்கிலம் வழியாக வருபவர்களின் முத்திரைத் தவறு.

கரண்டிக் கணக்கிலும் ஆங்கிலச் சுருக்கத்தை விட்டுவைக்காதீர்கள். ஃபின்னிஷில் தேக்கரண்டிக்கு டி, எல் என்ற இரண்டு எழுத்து. மேசைக்கரண்டிக்கு ஆர், கே, எல். முதலாவது 5 மில்லி, இரண்டாவது 15 மில்லி. 1 மில்லி பிடிக்கும் மசாலாக் கரண்டியும் அவர்கள் அளவுக் கணக்கில் உண்டு, நாம் 'ஒரு சிட்டிகை' என்று எழுதும் இடத்துக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும்.

சரிபார்ப்பது எப்படி?

ஆங்கிலத்துக்குப் பதிலாகத் தாவரவியல் பெயரைப் பாலமாக்குங்கள். சீரகம் குமினம் சைமினம், கேரவே கேரம் கார்வி. லத்தீன் பெயரில் தேடி, அந்தப் பக்கத்தின் ஃபின்னிஷ் வடிவத்துக்குப் போனால் சரியான தலைப்பு கிடைத்துவிடும். கருஞ்சீரகத்துக்கு இது கட்டாயம். ஆங்கிலத்தில் 'கறுப்புச் சீரகம்' என்ற பெயரில் குறைந்தது இரண்டு வெவ்வேறு செடிகள் உலவுகின்றன. ஃபின்னிஷில் 'முஸ்தகுமின' என்று எழுதுவதற்கு முன் நம் கையில் இருப்பது நைஜெல்லா சட்டைவாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஃபின்லாந்தின் தேசிய உணவுச் சத்துத் தரவுத்தளமான ஃபினெலி இருக்கிறது. அந்நாட்டின் பொதுச் சுகாதார நிறுவனம் நடத்துவது. ஃபின்னிஷ், ஸ்வீடிஷ், ஆங்கிலம் மூன்றிலும் பார்க்கலாம். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பதில் ஒரு லாபம் உண்டு. ஸ்வீடிஷும் அங்கே ஆட்சி மொழி, உணவுப் பொட்டலங்களில் பெரும்பாலும் இரண்டு பெயரும் அச்சாகியிருக்கும். யூஸ்தொகுமினவுக்குப் பக்கத்தில் 'ஸ்பீஸ்கும்மின்' என்று இருந்தால் சீரகம் உறுதி. வெறும் 'கும்மின்' என்றிருந்தால் கேரவே. பொட்டலத்தைப் பார்த்து எழுதும்போது எந்த வரி எந்த மொழி என்பதில் மட்டும் தடுமாறக் கூடாது. 'கனெலி'யில் கடைசி இகரம் இல்லாமல் முடிந்தால் அது ஸ்வீடிஷ். ஏலக்காய்க்கு இந்தப் பரீட்சை செல்லாது, இரண்டு மொழியிலும் ஒரே எழுத்து.

தோழிக்குத் திருத்தி அனுப்பிய வரியில் மூன்றே விஷயம்தான் இருந்தது: ஒன்று என்ற எண்ணும் டி, எல் சுருக்கமும், அதன் பின் 'யௌஹெத்துஅ யூஸ்தொகுமினா'. கடைக்குப் போய்வந்து டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினாள். கீழ்வரியில் 'ஸ்பீஸ்கும்மின்' என்று இருந்தது.